முகமெல்லாம் காது

மினசோட்டாவில் ஆந்தை பார்க்க வேண்டுமென்றால் ஜனவரியில் போக வேண்டும். கோடையில் போனால் கொசுக்கடி நிச்சயம், ஆந்தைக்கு உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் வட எல்லையில் இருக்கிற அந்த மாநிலத்தில், டுலூத் நகருக்கு வடமேற்கே ஒரு மணி நேரக் கார்ப் பயணத்தில் சாக்ஸ்-ஜிம் என்றொரு சதுப்புக்காடு இருக்கிறது. பரப்பு சுமார் 300 சதுர மைல். கறுப்பு ஸ்ப்ரூஸ் மரங்களும், குளிர்காலத்தில் ஊசியிலையை உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும் டாமராக் மரங்களும், அவற்றின் காலடியில் பாசி மெத்தையும் கொண்ட நிலம். நூறு வருஷத்துக்கு முன்னால் இதில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்து விவசாயம் செய்யப் பார்த்தார்கள். பாசி மக்கிக் கிடக்கும் மண் பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மாட்டுக்குக் காய்ந்த தீவனம் போடப் புல் வளர்க்கும் வயல்கள் மட்டும் அங்கங்கே தங்கின. மனிதர்களுக்கு நஷ்டமான அந்தக் கணக்கு ஆந்தைகளுக்கு லாபமாக முடிந்தது. உட்காரக் காட்டோர மரம், எதிரே எலி நிறைந்த புல்வெளி. வேறென்ன வேண்டும்?

எலி என்று நான் சொல்வது வோல் என்கிற குட்டை வால் எலியை. உள்ளங்கைக்குள் அடங்கும், உருண்டை உடம்பு, புதைந்த காது. கனடாவின் வடகாடுகளில் இதன் எண்ணிக்கை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஏறும், பிறகு சரியும். சரிகிற ஆண்டில் ஆந்தைகள் பசியோடு தெற்கே இறங்கிவிடும். 2004–05 குளிர்காலத்தில் அப்படித்தான் நடந்தது. மினசோட்டாவில் மட்டும் 5,000க்கும் அதிகமான பெருஞ்சாம்பல் ஆந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். சாலையோரம் வேட்டையாட வந்து வாகனங்களில் அடிபட்டுச் செத்தவை நூற்றுக்கணக்கில். பறவை பார்ப்பவர்கள் இன்றும் அந்த வருஷத்தைத் திருவிழா மாதிரிப் பேசுகிறார்கள். எனக்கென்னவோ அது பஞ்சம் பிழைக்க வந்தவர்களின் கதையாகத்தான் படுகிறது.

நாங்கள் போனது அப்படிப்பட்ட வருஷம் இல்லை. சாதாரணக் குளிர்காலம். சாதாரணம் என்றால் அந்த ஊர்ச் சாதாரணம்: காலையில் மைனஸ் 27 டிகிரி செல்சியஸ். இதே மாவட்டத்தில் உள்ள டவர் என்ற ஊரில் 1996 பிப்ரவரி 2ஆம் தேதி மைனஸ் 51 டிகிரி பதிவானது. மாநிலத்தின் சாதனை இன்றும் அதுதான். அதை நினைத்துத்தான் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும். மூச்சை இழுத்தால் மூக்குக்குள் முடி விறைக்கிறது. விட்டால் மூச்சு இமையில் போய் உறைகிறது. கேமரா பேட்டரியைச் சட்டைக்குள் வயிற்றோடு அணைத்து வைத்திருக்காவிட்டால் பத்து நிமிஷத்தில் படுத்துவிடும்.

கார் நண்பருடையது. மினியாபொலிஸில் வேலை. ஆறு மாத விசாவில் வந்திருந்த அவருடைய அம்மாவும் எங்களோடு கிளம்பிவிட்டார். கோவில்பட்டிப் பக்கத்துக்காரர். இரண்டு ஸ்வெட்டர், அதன் மேல் மகனுடைய கோட், அதன் மேல் ஒரு கம்பளி என்று பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். டுலூத் தாண்டியதும் கேட்டார்.

“ஏன் தம்பி, ஊர்ல முருங்க மரத்துல உக்காந்து அலறுனா கல்ல விட்டு எறிவோம். அதத் தேடியா இம்புட்டுத் தூரம்?”

“அது வேற ஆந்தைம்மா. இது பெரிசு.”

“பெரிசா இருந்தா கெட்ட சகுனமும் பெரிசா இருக்கும்ல?”

நண்பர் சிரித்தார். நான் பதில் சொல்லவில்லை.

ஏழே முக்காலுக்குத்தான் சூரியன் வருகிறது. சதுப்புக்குள் போகும் சாலைகளெல்லாம் பனி மூடிய மண் சாலைகள். அட்மிரல் சாலையில் மெல்ல ஊர்ந்தோம். சின்னப் பறவைகளுக்காக மரத்தில் மானின் விலா எலும்புக்கூட்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதில் ஒட்டியிருக்கும் கொழுப்பைச் சிக்கடி என்கிற குருவிகள் கொத்திக்கொண்டிருந்தன. இந்தக் குளிரில் கொழுப்புதான் உயிர். ஆந்தை பார்க்கிறவர்கள் இந்தச் சாலையில் காரை விட்டு இறங்காமல் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். நிலத்தில் பெரும்பகுதி தனியாருடையது என்பது ஒரு காரணம். காலை வைத்தாலே பனி கீச்சிடும் என்பது இன்னொன்று. கடுங்குளிரில் உலர்ந்த பனியை மிதித்தால் தேய்ந்த கதவுக்கீல் போடுகிற சத்தம் வரும். அந்தச் சத்தம் நெடுந்தூரம் கேட்கும். அதைக் கேட்கக்கூடாதவரின் காதில்தான் முதலில் விழும்.

முதலில் கிடைத்தது வல்லூறு ஆந்தை. ஸ்ப்ரூஸ் மரத்தின் உச்சி நுனியில், பட்டப்பகலில், யாருக்கும் பயப்படாமல் உட்கார்ந்திருந்தது. வால் நீளம், மார்பில் குறுக்குக் கோடுகள். பார்த்தால் பருந்துக்கும் ஆந்தைக்கும் நடுவில் ஏதோ ஒன்று. இது பகல் வேட்டைக்காரன். கண்ணை நம்பி வாழ்கிறது. இரவு ஆந்தைகளுக்கு இருப்பது போல் ஒரு காது மேலே, ஒரு காது கீழே என்ற ஏற்பாடு இதற்குக் கிடையாது, முகத்தட்டும் அரைகுறைதான். தலையைத் திருப்பித் திருப்பிப் புல்வெளியை அளந்தது. திடீரென்று கல்லைப் போட்டமாதிரி இறங்கித் தரையை ஒட்டிப் பறந்து, ஒரு வரப்போரம் விழுந்து எழுந்தது. காலில் ஒரு வோல். அதை உடனே தின்னவில்லை. உடைந்த மரக்கிளையின் பொந்துக்குள் திணித்து வைத்துவிட்டுப் பழைய இடத்துக்கே போய் உட்கார்ந்தது. மிஞ்சுவதைப் பதுக்குவது இதன் வழக்கம். பிறகு வந்து எடுக்கும்போது அந்த எலி கல்லாக உறைந்திருக்கும். அம்மாவுக்கு இந்தச் செயல் பிடித்துப்போனது. “கெட்டிக்காரி” என்றார். ஆணா பெண்ணா என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

மத்தியானம் முழுக்க ஒன்றுமில்லை. மெடோலேண்ட்ஸ் என்ற குட்டி ஊரில் பிப்ரவரியில் பறவை பார்ப்பவர்களுக்கென்றே விழா நடக்கும். நாங்கள் போன நேரத்தில் தெருவில் ஆள் இல்லை. ‘ஆந்தைத் தெரு’ என்று பெயர் வைத்த சாலையில், சதுப்பைக் காக்கும் தன்னார்வ அமைப்பின் வரவேற்பு மையம் இருக்கிறது. அங்கே கொஞ்சம் குளிர்காய்ந்துவிட்டு, கொண்டுபோயிருந்த புளியோதரையைத் தின்றுவிட்டு, மூன்று மணிக்கு மெக்டேவிட் சாலைக்குத் திரும்பினோம்.

அங்கே இருந்தது பெருஞ்சாம்பல் ஆந்தை. வயலோரத்து வேலிக் கம்பத்தில்.

முதல் பார்வையில் அதன் அளவுதான் மிரட்டும். நின்றால் இரண்டு அடிக்கு மேல், சிறகு விரித்தால் ஐந்தடியைத் தொடும். ஆனால் எடை ஒன்று, ஒன்றேகால் கிலோதான். மீதியெல்லாம் இறகு. இதைவிடச் சின்னதாகத் தெரியும் பெருங்கொம்பு ஆந்தை எடையில் இதை மிஞ்சிவிடும். இரண்டாவதாகக் கண்ணில் படுவது முகம். வட்டமான பெரிய தட்டு, அதில் ஒன்றுக்குள் ஒன்றாகச் சாம்பல் வளையங்கள், நடுவில் ஒன்றுக்கொன்று நெருங்கிய இரண்டு சின்ன மஞ்சள் கண்கள். உலகத்து ஆந்தைகளில் மிகப் பெரிய முகத்தட்டு இதற்குத்தான். முகம் என்று நாம் சொல்வதெல்லாம் உண்மையில் காதின் வெளிப்பகுதி. விறைத்த இறகுகளாலான அந்தக் குழிவு, வருகிற சத்தத்தைத் திரட்டி, தட்டின் ஓரத்தில் மறைந்திருக்கும் காதுத் துவாரங்களுக்குள் அனுப்புகிறது.

எங்களை ஒருமுறை பார்த்தது. அதற்குப் பிறகு நாங்கள் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. நண்பர் எஞ்சினை அணைத்தார். ஹீட்டர் நின்றது. பின்சீட்டிலிருந்து முணுமுணுப்பு வரும் என்று எதிர்பார்த்தேன்; வரவில்லை.

ஆந்தை வேட்டை என்றால் பாய்ச்சல் என்றுதான் நினைத்துப் போகிறோம். அதில் தொண்ணூறு பங்கு கேட்பதுதான். அது தரையைப் பார்த்தபடி முகத்தைத் தாழ்த்தும். கொஞ்சம் இடப்பக்கம் சாய்க்கும். நிறுத்தும். கண் எதையும் தேடுவதாகத் தெரியாது. எதிரே அரை மீட்டர் ஆழத்துக்கு வெள்ளைப் பனியைத் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? வோல்கள் அந்தப் பனிக்கு அடியில் இருக்கின்றன. மண்ணின் கதகதப்பாலும் மேலே கிடக்கும் பனியின் போர்வையாலும் தரையை ஒட்டி ஒரு இடுக்கு உருவாகிறது. வெளியே மைனஸ் 27 இருந்தாலும் உள்ளே பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். அதற்குள் சுரங்கம் போட்டு, புல்லால் கூடு கட்டி, தண்டைக் கொறித்துக்கொண்டு குளிர்காலத்தை ஓட்டுகின்றன. மரநாய் வகையைச் சேர்ந்த எர்மின் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே புகுந்து துரத்தும். ஆந்தையால் புக முடியாது. அது மேலேயிருந்து கேட்டே கண்டுபிடிக்க வேண்டும்.

கம்பத்திலிருந்து கிளம்பியது. சத்தமே இல்லை. இருபதடி தள்ளிப் பறந்து, ஓரிடத்துக்கு மேலே சிறகடித்தபடி அப்படியே நின்றது. நான்கைந்து விநாடி. தலை அசையவில்லை, உடம்பு மட்டும் காற்றில் தத்தளித்தது. பிறகு தலைகீழாக விழுந்தது. முகம் முதலில் போனது. பனியைத் தொடப்போகிற கணத்தில் கால்கள் முகத்துக்கு முன்னால் வந்தன. தோள் வரை புதைந்தது. சிறகு இரண்டும் பனிமேல் விரிந்து கிடக்க, ஒரு காலை உள்ளே விட்டுத் துழாவிக்கொண்டே இருந்தது. எழுந்தபோது காலில் ஒன்றுமில்லை.

திரும்ப வேறொரு கம்பம். திரும்பக் காது.

அது ஏன் நேராகப் பாயாமல் மேலே போய் நின்று கேட்டது என்பதற்கு இப்போது நல்ல விளக்கம் இருக்கிறது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் கிளார்க்கும் அவருடைய சக ஆய்வாளர்களும், இந்த ஆந்தையை மாகாணப் பறவையாக வைத்திருக்கும் கனடாவின் மானிடோபாவில், ஆந்தைகள் பாய்ந்த அதே குழிகளுக்குப் பக்கத்தில் பனியைத் தோண்டி ஒலிபெருக்கியைப் புதைத்தார்கள். வோல் மண்ணைப் பறாண்டுகிற சத்தத்தை அதில் ஓடவிட்டு மேலே மைக்குகளால் அளந்தார்கள். 2022இல் வந்த ஆய்வு. பனி, உச்ச ஸ்தாயிச் சத்தங்களை விழுங்கிவிடுகிறது. மிச்சமாவது கீழ் ஸ்தாயிதான். முகத்தட்டு பெரிதாக இருக்க இருக்கக் கீழ் ஸ்தாயி நன்றாகக் கேட்கும். அதைவிடச் சிக்கலான விஷயம், பனியிலிருந்து காற்றுக்கு வரும்போது சத்தம் வளைந்துவிடுகிறது. கிணற்றுப் படியில் உட்கார்ந்து தண்ணீருக்குள் விழுந்த செம்பைப் பார்த்தால் அது இல்லாத இடத்தில் தெரியுமே, அதுபோல எலி இல்லாத இடத்திலிருந்து சத்தம் வருவதாகப் பக்கவாட்டில் இருக்கும் காது ஏமாறும். நேர் மேலே போனால்தான் வளைவு மறையும். அந்தரத்தில் நின்ற அந்த நான்கைந்து விநாடி, ஏமாற்றத்தைத் திருத்திக்கொள்கிற நேரம். அப்போது தன் சிறகுச் சத்தமே தன் காதை அடைத்துவிடக்கூடாது. அதற்காகத்தான் சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பற்கள், பின்விளிம்பில் குஞ்சம், மேலெல்லாம் வெல்வெட் மாதிரிப் பொடிமயிர். எலிக்குக் கேட்காமல் இருக்கத்தான் ஆந்தை ஓசையின்றிப் பறக்கிறது என்று படித்திருந்தேன். தனக்குக் கேட்க வேண்டும் என்பதும் அதில் பாதி.

காதை மட்டும் வைத்து ஆந்தை வேட்டையாட முடியும் என்று நிரூபித்தது ராஜர் பெய்ன். பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவு செய்து பேர் வாங்கிய அதே பெய்ன். நம்மூர்க் கூகையின் இனத்தைச் சேர்ந்த ஆந்தையை வெளிச்சம் துளியும் இல்லாத அறையில் விட்டார். சருகின் மேல் ஓடிய எலியை அது பிடித்தது. எலிக்குப் பதில் ஒரு காகித உருண்டையைச் சருகின் மேல் இழுத்தாலும் அதையும் பாய்ந்து பிடித்தது. வாசமும் இல்லை, உடல் சூடும் இல்லை, சத்தம் ஒன்றுதான் என்று அதோடு முடிவாயிற்று. 1970களில் மாசகாசு கொனிஷியும் எரிக் நுட்சனும் அதே இன ஆந்தையின் மூளையைப் பார்த்து, எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்பதற்கு அங்கே ஒரு வரைபடமே இருக்கிறது என்று கண்டார்கள். இரண்டு காதுகளுக்கும் சத்தம் வந்துசேர்வதில் உள்ள நுண்ணிய நேர வித்தியாசம் இடம் வலம் சொல்லும். மேலும் கீழுமாக அமைந்த காதுகளில் சத்தத்தின் வலிமை மாறுவது மேல் கீழ் சொல்லும். அந்தக் கணக்கை ஆந்தை நாற்பது ஐம்பது அடி தூரத்திலிருந்து போட்டுக்கொண்டிருக்கும்போது, பக்கத்தில் ஒரு கார் எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்த முறை அது எங்கள் காரை நோக்கியே வந்தது. சாலைக்கு இந்தப்பக்கம், கண்ணாடியிலிருந்து மூன்று கார் நீளம்கூட இருக்காது. அந்தரத்தில் நின்றது. விழுந்தது. இந்தத் தடவை துழாவவில்லை, உடனே அடங்கியது. ஒரு நிமிஷம் அப்படியே பனிக்குள் உட்கார்ந்திருந்தது. பிறகு தலையைக் குனிந்து, கறுப்பாக எதையோ அலகுக்கு மாற்றி, தலையை இரண்டு தரம் பின்னால் வெட்டியது. வால் கடைசியாகப் போனது. முகவளையங்களின் ஓரத்தில் பனித்துகள் ஒட்டியிருந்தது. அது பறந்துபோன பிறகு பனியில் ஒரு குழியும், குழிக்கு இருபுறமும் சிறகின் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகப் பதிந்த விசிறி வடிவமும் இருந்தன. பனியின் மேல்தட்டு மழை பெய்து உறைந்திருந்தால் இது எளிதில்லை. ஆனாலும் 80 கிலோ ஆளைத் தாங்குகிற கெட்டித்தட்டையே இந்தப் பறவை உடைத்திருப்பதாகப் பதிவு உண்டு. ஒன்றேகால் கிலோ உடம்பு.

“வயிறு நெறஞ்சிதா அதுக்கு?” என்றார் அம்மா. ஒரு நாளைக்கு ஐந்தாறு வோலாவது வேண்டும் என்றேன். “அப்ப இன்னும் நாலு தரம் குதிக்கணும், பாவம்” என்றார். சகுனப் பேச்சு அதற்குப் பிறகு வரவில்லை.

காதால் இரை தேடும் இந்தக் கணக்கு புரியாதவர்கள் அல்லது புரிந்தும் கவலைப்படாதவர்கள் சிலரையும் அன்று பார்த்தோம். சாலை வளைவில் இன்னொரு ஆந்தை. எதிரே வரிசையாக முக்காலிகள். ஒருவர் காரின் பின்பக்கத்திலிருந்து சின்ன அட்டைப்பெட்டியை எடுத்து, அதிலிருந்து வெள்ளை எலி ஒன்றைப் பனியில் விட்டார். செல்லப்பிராணிக் கடையில் விற்கிற எலி. ஆந்தை அந்த நிமிஷமே வந்தது. கேமராக்கள் சடசடத்தன. சிறகு விரித்து, நகம் நீட்டி, நேராக லென்ஸைப் பார்த்தபடி வரும் ஆந்தைப் படங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அவற்றில் கணிசமானவை இப்படி எடுத்தவைதான். வெள்ளைப் பனியின் மேல் வெளிப்படையாக ஓடும் எலியை நோக்கி வரும் ஆந்தையின் முகம் முன்னே பார்த்திருக்கும். பனிக்குள் கேட்டு வேட்டையாடும் ஆந்தையின் முகம் கீழே பார்த்திருக்கும். படத்தைப் பார்த்தே பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

பசித்த பறவைக்குச் சோறு போடுவதில் என்ன தப்பு என்று அந்தக் கூட்டத்தில் ஒருவர் வாதாடினார். தப்பு சாலையில் இருக்கிறது. காரும் மனிதனும் நிற்கும் இடத்தில் தீனி கிடைக்கும் என்று கற்றுக்கொண்ட ஆந்தை, அடுத்த காரின் முன்னாலும் தாழ்வாகப் பறந்து வரும். அந்த ஓட்டுநரிடம் எலி இருக்காது, வேகம் இருக்கும். அமெரிக்காவின் பழைய பறவை அமைப்பான ஆடுபான், ஆந்தைகளையும் பருந்துகளையும் இரை காட்டி ஒருபோதும் இழுக்கக்கூடாது என்று புகைப்படக்காரர்களுக்கான தன் விதிகளில் எழுதி வைத்திருக்கிறது. விதியைப் படித்தவர்கள்தான் எலிப்பெட்டியும் வாங்குகிறார்கள் என்பது என் சந்தேகம்.

திரும்பும் வழியில் டுலூத்தை ஒட்டிய சுப்பீரியர் நகரின் துறைமுகப் பக்கம் பனி ஆந்தையைத் தேடினோம். விமான நிலையத்தை ஒட்டிய வெட்டவெளியில் ஒன்று உட்கார்ந்திருந்தது. மரமே இல்லாத ஆர்க்டிக்கில் பிறந்தது, தரைதான் அதற்குச் சுகம். வெள்ளையில் கறுப்புக் கீற்றுகள். இளம்பறவையாகவோ பெண்ணாகவோ இருக்கும். இருட்டும் வரை அசையவில்லை. இவற்றின் முதுகில் சூரியசக்தியில் இயங்கும் கருவி பொருத்தி 2013 முதல் தொடர்ந்து கவனிக்கும் ‘ஸ்னோஸ்டார்ம்’ திட்டத்தில், சில பனி ஆந்தைகள் உறைந்த பேரேரிகளின் நடுவே வாரக்கணக்கில் தங்குவதாகத் தெரியவந்தது. பனிக்கட்டி பிளந்த இடங்களில் கூடும் நீர்ப்பறவைகள்தான் அங்கே இரை என்கிறார்கள். லெம்மிங் எலியைத் தின்று வளர்ந்தது, குளிர்காலத்தில் வாத்துக்கு மாறிவிடுகிறது. அதைப் பார்க்க நமக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் இப்போது ஏராளம். குளிர்காலத்தில் போனால் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்காமல் ஒரு நாளை இதற்கு ஒதுக்குங்கள். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரை சரியான காலம். விடிந்த முதல் இரண்டு மணி நேரமும் இருட்டுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரமும் போதும்; மேகம் மூடிய நாளென்றால் பகலிலும் வாய்ப்புண்டு. கையுறை இரண்டு ஜோடி, சாப்பாடு, முழு டேங்க் பெட்ரோல். ஆந்தையைக் கண்டதும் காரை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிடுங்கள், குளிரைப் பொறுத்துக்கொள்ளலாம். கதவை அறையாதீர்கள். பக்கத்தில் யாராவது எலிப்பெட்டியைத் திறந்தால், படம் எவ்வளவு நன்றாக வரும் என்றாலும் கேமராவைத் தூக்காமல் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள்.